அம்மா சொன்னது

2015 டிசம்பர் 1 இரவு, அடையாற்றுத் தண்ணீர் ஜாபர்கான்பேட்டையில் எங்கள் வீட்டு வாசற்படி ஏறியபோது நான் கையில் எடுத்தவை மூன்று: ரேஷன் கார்டு, அம்மாவின் மாத்திரை டப்பா, மகளின் பள்ளிச் சான்றிதழ்கள். சமையலறை அலமாரியின் கீழ்த்தட்டில் ஒரு நோட்டு இருந்தது. அந்த நேரத்தில் அது நினைவுக்கே வரவில்லை.

மூன்று ராத்திரி மாடி வீட்டில் இருந்துவிட்டுக் கீழே இறங்கினோம். கூடத்தில் குளிர்சாதனப் பெட்டி மல்லாந்து கிடந்தது. சேற்றுக்குள்ளிருந்து நோட்டை எடுத்தேன். ஊறி, தலையணைபோல உப்பியிருந்தது. பிரித்தால் பக்கத்துக்குப் பக்கம் வெறும் நீலம். கும்பகோணத்திலிருந்து கல்யாணமாகி வந்த நாள் முதல் அம்மா அதில் ராயல் ப்ளூ மையில்தான் எழுதிவந்தாள். அந்த மை தண்ணீர் பட்டால் நிற்காது. நாற்பத்தேழு வருஷம் ஒரே ராத்திரியில் கரைந்திருந்தது.

பக்கத்தில் இருந்த ‘சமைத்துப் பார்’ பாகங்களும்தான் போயின. அதற்கு நான் கலங்கவில்லை. மீனாட்சி அம்மாள் 1951இல் முதன்முதலாக வெளியிட்ட அந்தப் புத்தகத்தை எந்த நாளும் கடையில் வாங்கிக்கொள்ளலாம். அம்மாவின் நோட்டில் மோர்க்குழம்புக்கு எதிரே ‘மன்னி சொன்னது’ என்றும், தவலை வடைக்கு எதிரே ‘ரயிலில் வந்த மாமி’ என்றும் எழுதியிருக்கும். அதை எந்தக் கடையில் போய்க் கேட்பது?

அந்த வாரம் நிவாரண மூட்டைகள் வந்தன. அரிசி, பாய், பால் பவுடர், போர்வை, பழைய புடவைகள். கொடுத்தவர்கள் யாரென்று தெரியாது. மூட்டையின் மேல் ஊர்ப்பெயரும் இல்லை. புடவைகளை உதறிப் பிரித்தபோது ஒரு சுங்கடிப் புடவையின் மடிப்பிலிருந்து ஏதோ தொப்பென்று விழுந்தது. 1966 என்று அட்டையில் பொறித்த பழைய டைரி. பெயர் எழுதும் முதல் தாள் கிழிந்திருந்தது. ஜனவரி 1இல் ஆரம்பித்து, தேதிகளைப் பற்றிக் கவலையே படாமல், பக்கம் பக்கமாகச் சமையல் குறிப்பு. எல்லாம் பென்சிலில். எண்ணெய்க் கறை பட்ட இடங்களில் தாள் கண்ணாடிபோல ஆகியிருந்தது. அங்கேகூட ஓர் எழுத்தும் அழியவில்லை.

எங்கள் வீட்டு நோட்டை வெள்ளம் கொண்டுபோனது. அந்த வெள்ளத்துக்காகவே யாரோ கொடுத்த மூட்டையில் யார் வீட்டு நோட்டோ எங்களிடம் வந்துசேர்ந்தது. சேற்றுத் தரையில் உட்கார்ந்து அதை மடியில் வைத்துக்கொண்டு நான் அழுதேன்.

கண்ணாடியும் ஆற்றோடு போயிருந்ததால் அம்மாவுக்கு நான்தான் படித்துக்காட்டினேன். தடியங்காய்ப் புளிக்கறி என்றதும் நிறுத்தச் சொன்னாள். “பூசணிக்காயைத் தடியங்காய்னா சொல்றா? இன்னும் படி.” கொத்தவரங்காய் என்று நாங்கள் சொல்வதை டைரிக்காரி சீனியவரை என்று எழுதியிருந்தாள். அடுத்தடுத்துக் கூட்டாஞ்சோறு, உளுந்தங்களி, மறுவீட்டுச் சொதி. “திருநெல்வேலிப் பக்கம்மா இவ” என்றாள் அம்மா, நேரில் பார்த்தவள்போல. அன்றிலிருந்து வீட்டில் அந்தப் பெண்ணுக்குத் திருநெல்வேலிக்காரி என்றே பேர்.

அளவுகளில் அந்தக் காலமே தெரிந்தது. மெட்ரிக் எடைகள் 1958லிருந்து படிப்படியாக வந்தவை. இந்த டைரியில் பல இடங்களில் ‘பலம்’ என்று எழுதி அடித்துவிட்டு, மேலே ‘35 கிராம்’ என்று திருத்தியிருந்தாள். ஆழாக்கை மட்டும் கடைசிக் குறிப்பு வரை விடவில்லை. ஆழாக்கை அம்மாவும் விட்டதில்லை. எட்டு ஆழாக்கு ஒரு படி என்று எனக்குச் சொல்லித் தந்தபோது நான் பத்தாம் வகுப்பு. இதெல்லாம் எதற்கு என்று எழுந்து போய்விட்டேன். அன்று அவளை அப்படி உட்காரவைத்துவிட்டுப் போனது இன்றும் வலிக்கிறது.

காஸ் இணைப்பு சரியானதும் முதலில் சொதி வைத்தோம். தேங்காயை அரைத்து மூன்று பால் எடுக்க வேண்டும். மூன்றாம் பாலிலும் இரண்டாம் பாலிலும் காயும் பாசிப்பருப்பும் சின்ன வெங்காயமும் வேக வேண்டும். இஞ்சியும் பச்சை மிளகாயும் அரைத்துச் சேர்க்க வேண்டும். முதல் பாலுக்கு வரும் இடத்தில் எழுத்து பெரிதாகிறது. பென்சிலை அழுத்தி எழுதியதில் தாளின் மறுபுறம் தடவினால் புடைப்பு கையில் தட்டும்: ‘விட்ட பிறகு கொதித்தால் திரிந்துவிடும். அந்தாண்ட போகாதே. பக்கத்திலேயே நில்.’ யாருக்காக எழுதினாளோ, நான் நின்றேன். ஓரத்தில் நுரை கூடும்போது அடுப்பை அணைத்தேன். ஆறியபின் எலுமிச்சை பிழிந்தேன். அம்மா இரண்டு தரம் போட்டுக்கொண்டு சாப்பிட்டாள். வெள்ளத்துக்குப் பிறகு அவள் வயிறு நிறையச் சாப்பிட்டது அன்றுதான்.

சொதிக்குக் கீழே ‘அம்மா சொன்னது’ என்று இருந்தது. இவளும் சொன்னவர் யார் என்று குறிக்காமல் ஒன்றும் எழுதியதில்லை. ‘பெரிய அத்தை’, ‘எதிர்வீட்டு டீச்சர்’, ‘ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில்.’ இன்று என் மகள் போனில் ஒரு நிமிஷத்தில் நூறு விதச் சொதி எடுத்துக் காட்டுகிறாள். அளவு பிசகாது, ருசியும் நன்றாகவே வருகிறது. பிரசவத்துக்கோ நோய்க்கோ படுத்திருந்த இடத்தில், பக்கத்துக் கட்டிலில் இருந்தவள் குழம்புக்குப் பக்குவம் சொன்னாள் என்பது மட்டும் அதில் வராது. எனக்கு அது இல்லாமல் குழம்பு பாதிதான்.

டைரியைத் திருப்பிக் கொடுக்கத்தான் முதலில் நினைத்தேன். மூட்டைகளை இறக்கிய இளைஞர்களிடம் விசாரித்தேன். பல லாரிகளில் வந்தவை ஒரே இடத்தில் கலந்துவிட்டன என்றார்கள். புடவையை மடித்துக் கொடுத்தவர்கள் உள்ளே டைரி இருப்பதைப் பார்த்திருக்கவே மாட்டார்கள் என்று நம்புகிறேன். தெரிந்து கொடுத்திருப்பார்கள் என்று நினைக்க மனம் ஒப்பவில்லை.

அக்டோபர் மாதத்தில் ஒரு பக்கம். மேலே ‘அதிரசம்’, அதற்குக் கீழே ‘பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்க வேண்டும்.’ மீதிப் பக்கம் வெறுமையாக இருந்தது. அவள் கேட்கவே இல்லையோ, கேட்டும் எழுதவில்லையோ. அந்த இடத்தைப் படித்ததும் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். “பேனா எடு. நான் சொல்றேன், எழுதிக்கோ.”

நான் பென்சில் எடுத்தேன். பச்சரிசியை ஊறவைத்து வடித்து, துணியில் பரப்பி, கையில் ஈரம் ஒட்டும்போதே இடித்துச் சலிக்க வேண்டும். ஒரு கிலோ அரிசிக்கு முக்கால் கிலோ வெல்லம். கிண்ணத்துத் தண்ணீரில் பாகை ஒரு சொட்டு விட்டு விரலால் கூட்டினால் மெத்தென்று உருண்டு வரணும். உருளாவிட்டால் பொறு, கல்லாகிவிட்டால் போச்சு. மாவு ஒரு நாளாவது இருக்கட்டும். எண்ணெய் காய்ந்து புகையக் கூடாது. இவ்வளவும் சொல்லி முடித்து, “அவளுக்குப் புரியும்படி எழுதியிருக்கியா?” என்று கேட்டாள். எழுதியிருக்கிறேன் என்றேன்.

அம்மா 2019இல் போய்விட்டாள். அதற்குள் வெறுமையாக இருந்த நவம்பர், டிசம்பர் பக்கங்களெல்லாம் அவள் சொல்லச் சொல்ல நிரம்பிவிட்டன.

போன தீபாவளிக்கு மகள் டைரியை எடுத்துவைத்துக்கொண்டு பாகு காய்ச்சினாள். சொதிப் பக்கத்தைப் புரட்டினாள், அதிரசப் பக்கத்துக்கு வந்தாள், மறுபடி சொதிக்குப் போனாள்.

“ரெண்டுலயும் ‘அம்மா சொன்னது’ன்னு இருக்கே, எந்த அம்மாம்மா?”

“எழுத்தைப் பாருடி, தெரியும்” என்றேன். “பாகு பொங்கறது, முதல்ல அதைப் பாரு.”