கரையேறாதவர்

ஊருக்குள் கால் வைப்பதற்கு முன்பே ஊரைவிட்டுக் கிளம்புவதைப் பற்றிக் கவலைப்படுகிறவர் எல்லாக் குடும்பத்திலும் ஒருவர் இருப்பார். எங்கள் குடும்பத்தில் அந்தப் பதவி சகலையிடம் இருக்கிறது. எழும்பூரில் ராத்திரி ரயிலுக்குச் சாயங்காலமே போய், பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருப்பாரே, அவரேதான். இப்போது மியூனிக்கில் இருக்கிறார். மற்றபடி மாற்றம் ஒன்றும் இல்லை.

வாரக்கடைசிக்கு எர்மூப்பொலி போகலாம் என்று சொன்னது அவர் மனைவி. என் மனைவிக்கு அக்கா. சீரோஸ் தீவின் துறைமுகம். சிக்லதீஸ் தீவுகளுக்கே தலைநகர். சன்டோரினி, மிக்கொனொஸ் என்று அலைகிற கூட்டத்தில் பெரும்பகுதி இங்கே இறங்குவதில்லை. 1820-களில் கிரேக்க விடுதலைப் போரின்போது கியோஸ், ப்ஸாரா தீவுகளிலிருந்து உயிர் தப்பி வந்த அகதிகள் எழுப்பிய ஊர். வணிகத்துக்கான கடவுளின் பெயரை வைத்து, அவர் அருளால் நன்றாகச் சம்பாதித்து, தெருவுக்குப் பளிங்கு போட்டு, 1864-இல் அப்போலோ என்று ஓர் ஓபரா அரங்கும் கட்டிக்கொண்டார்கள். அக்கா எல்லாவற்றையும் படித்துவிட்டுத்தான் தேர்ந்தெடுத்தார். ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. இந்த ஊரில் துறைமுகம் ஓர் ஓரத்தில் இல்லை, நட்டநடுவில் இருக்கிறது. எங்கே உட்கார்ந்தாலும் கப்பல் தெரியும். சகலையை அழைத்துக்கொண்டு போகக்கூடாத ஊர் உலகத்தில் ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

பிரேயஸ் துறைமுகத்திலிருந்து வந்த கப்பல் பின்பக்கமாக நகர்ந்து வந்து, இரும்புப் பலகையைக் கரையில் தடாலென்று இறக்கியது. லாரி, பைக், குழந்தை வண்டி, ஆட்டுக்கறிப் பெட்டி எல்லாம் ஒரே நேரத்தில் இறங்குகின்றன. மற்றொரு கூட்டம் ஏறுகிறது. விசில் காதைப் பிளக்கிறது. சில நிமிடங்களில் கப்பல் தீனோஸ் தீவுக்குக் கிளம்பிவிட்டது. சகலை இறங்கிய இடத்திலேயே நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“பாத்தியா சகல? மொத்தமே ஏழு நிமிஷம். போகும்போதும் இவ்ளோதான் நிக்கும்.”

“அது நாளன்னிக்கு அண்ணே.”

“அதான் சொல்றேன்.”

அறைக்குப் போகும் வழியில் துறைமுகக் காவலர் ஒருவர், கப்பல் டிக்கெட் முகவர் இருவர், மீன் வலை சரிசெய்துகொண்டிருந்த பெரியவர் ஒருவர் ஆகியோரிடம் திரும்பும் கப்பல் இதே இடத்தில்தான் வருமா என்று உறுதி செய்துகொண்டார். வலைக்காரர் தலையைப் பின்னால் சாய்த்து ‘ச்’ என்றார். அங்கே அதற்கு ‘இல்லை’ என்று பொருள், அல்லது ‘தொந்தரவு செய்யாதே’. எதுவென்று தெரியாமல் சகலை அன்று மதியம் சரியாகச் சாப்பிடவில்லை.

காற்றைப் பற்றியும் சொல்லவேண்டும். போஃபோர்ட் அளவில் எட்டு என்றால் மணிக்கு 62 கிலோமீட்டருக்கு மேல் காற்று. அப்படி வீசினால் துறைமுக அதிகாரிகள் கப்பல்களைக் கட்டிவைத்துவிடுவார்கள். விரைவுப் படகுகளை அதற்கு முன்பே நிறுத்துவார்கள். ஜூலை, ஆகஸ்டில் வடக்கேயிருந்து மெல்தேமி என்ற காற்று கிளம்பும்போது இது நடப்பதுதான். நாங்கள் போனது மே மாதம். கடல் தட்டில் ஊற்றிய எண்ணெய்போல அசையாமல் கிடந்தது. சகலைக்கு அதுவே சந்தேகம்.

“இவ்ளோ அமைதியா இருக்கக் கூடாது சகல.”

போனில் மூன்று வானிலைச் செயலிகள் வைத்திருக்கிறார். மூன்றும் ஒரே மாதிரி சொன்னால், ஒன்றைப் பார்த்து இன்னொன்று எழுதிவிட்டது என்பார். சரி, காற்று இல்லை என்று ஒப்புக்கொண்டால் அடுத்தது வேலைநிறுத்தம். கிரேக்க மாலுமிகள் சில சமயம் 24 மணி நேரம் வேலையை நிறுத்துவார்கள். அவர்களுடைய கோரிக்கை என்ன என்று அவருக்குத் தெரியாது. தேதி மட்டும் தெரிந்தால் போதும்.

மியாவுலி சதுக்கத்தில், எர்ன்ஸ்ட் ஸில்லர் வரைந்து கட்டிய நகர மண்டபத்துக்கு எதிரே, ஒரு காபிக் கடையில் உட்கார்ந்தோம். அந்த நாட்டுக் கடைகளில் ஒரு பழக்கம். காபி வரும்போதே பில்லைச் சுருட்டி, சின்னக் கண்ணாடிக் குவளையில் செருகி மேஜையில் வைத்துவிடுவார்கள். ஊருக்கு வந்ததிலிருந்து சகலையின் முகத்தில் முதல் வெளிச்சம் அப்போதுதான் வந்தது. “நாகரிகமான நாடுய்யா” என்று எழுந்தே நின்றுவிட்டார். பணத்தை நீட்டினால் பரிமாறுகிற பையன் வாங்கவில்லை. “சிகா சிகா” என்று சிரித்துக்கொண்டே போய்விட்டான். மெதுவா, மெதுவா. குவளையில் பில் இருப்பது காசு உடனே தா என்பதற்காக இல்லை, கிளம்பும்போது கொடுக்கலாம் என்பதற்காக. ஆனால் அந்தக் கிளம்பும்போது எப்போது என்று யார் சொல்வது? பக்கத்து மேஜையில் இரண்டு கிழவர்கள் ஆளுக்கு ஒரு ஃப்ரெட்டோ ஐஸ் காபியை வைத்துக்கொண்டு, ஐஸ் கரைந்து, நுரை அடங்கி, அதன்பிறகும் பேசிக்கொண்டிருந்தார்கள். சகலை தன்னுடையதை நான்கே இழுப்பில் முடித்தார். பனி மண்டைக்கு ஏறி, நெற்றியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் சில்லறையை எண்ணிக் குவளைக்கு அடியில் வைத்தார். எங்கள் காபி அப்போதுதான் மேஜைக்கு வந்தது.

கன்னி மரியாளின் உறங்குதல் கோயிலில் எல் கிரேக்கோ இளம்வயதில் வரைந்த படம் ஒன்று இருக்கிறது. அவருடைய கையெழுத்து அதில் இருப்பதை 1983-இல்தான் கண்டுபிடித்தார்கள். இதை அக்கா சொன்னதும் சகலைக்குப் பெரிய ஆறுதல். “நானூறு வருஷம் அவங்களே கவனிக்கல. நாம நின்னு பாத்து என்ன ஆகப்போவுது? வாங்க வாங்க.”

ஊருக்கு மேலே இரண்டு குன்றுகள். ஒன்றில் ஆர்த்தடாக்ஸ் கோயில், மற்றதில் கத்தோலிக்கர்களின் ஆனோ சீரோஸ். புசூக்கி வாசித்துப் பாடிய ரெபெத்திகோ இசை மேதை மார்க்கோஸ் வம்வகாரிஸ் 1905-இல் பிறந்த இடம் அது. வளைந்து வளைந்து ஏறும் படிகள். பாதிப் படியில் சகலை கடலைப் பார்த்துக் கத்தினார்.

“வருது! வருது!”

“அது வேற கப்பல் அண்ணே. தீனோஸ் போறது.”

“அப்ப நம்ம கப்பல் எங்க?”

வம்வகாரிஸின் சிலையை நான் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

இதையெல்லாம் ஊரில் வந்து சொன்னபோது எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் இதில் செலவாகிறது அவருடைய நேரம் மட்டும் இல்லை. வாப்போரியா பகுதியில் பழைய கப்பல் முதலாளிகளின் மாளிகைகள் கடலுக்கு நேர் மேலே நிற்கின்றன. கீழே ஆஸ்தேரியா என்ற குளிதுறை. ஊர்க்காரர்கள் வேலை முடிந்ததும் தோளில் துண்டோடு வந்து, கடலில் குதித்து, ஏறி, ஈரத்தலையோடு வீட்டுக்குப் போகிறார்கள். அக்கா அதற்காகவே ஜனவரியில் நீச்சலுடை வாங்கி வைத்திருந்தார். கிளம்பும் நாள் காலையில் அங்கே போனோம். “தலை காயணுமே” என்றார் சகலை. கப்பல் மாலையில். அக்கா ஒன்றும் சொல்லாமல் செருப்பைக் கழற்றிவிட்டு, கால்களைக் கணுக்கால்வரை தண்ணீரில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு காலைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிட்டார். எனக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை. கப்பல் போயிருந்தால்தான் என்ன? மறுநாள் இன்னொன்று வரும். மிஞ்சினால் ஒரு ராத்திரி அறை வாடகை. அதைப் பாதுகாக்க அந்த அம்மாவின் கடலையே பிடுங்கிக்கொள்ளலாமா?

இந்த மனிதரிடம் முழுசாகக் கோபப்படவும் முடியாது. எல்லாருடைய பாஸ்போர்ட்டும் அவர் இடுப்புப் பையில். என் மனைவியின் தலைவலி மாத்திரை, நான் மலைப்படியில் வாங்க மறந்த தண்ணீர், யாருடையதோ கழன்ற பெட்டிச் சக்கரத்துக்கு ஒரு கம்பித் துண்டு, எல்லாம் அவரிடம் இருக்கும். வாழ்நாளில் ஒரு வண்டியையும் விட்டதில்லை என்பதை மற்றவர்கள் பட்டம் வாங்கியதைச் சொல்வதுபோலச் சொல்வார்.

கப்பலுக்கு இரண்டரை மணி நேரம் முன்பு கரையில் வரிசையாக உட்கார வைக்கப்பட்டோம். வரிசை என்றால் நாங்கள் மட்டும். கப்பல் ஒரு மணி நேரம் தாமதம். கடைசியில் அது முனை திரும்பி வந்து, பின்வாங்கி, பலகையை இறக்கியபோது அக்காவைக் காணோம்.

சகலை பெட்டிகளை என்னிடம் தள்ளிவிட்டுக் கடைத்தெருப் பக்கம் ஓடினார், திரும்பி ஓடி வந்தார், மறுபடி ஓடினார். லாரிகள் ஏறி முடிந்தன. விசில். “பாமே, பாமே!” என்று சிப்பந்தி கத்தினான். போகலாம், போகலாம். சகலை ஒரு காலைப் பலகையிலும் மறு காலைக் கரையிலும் வைத்துக்கொண்டு, இரண்டு கையையும் விரித்து, அந்தக் கப்பல் கிளம்பக் கூடாது என்று தமிழில் சொன்னார். தமிழில்தான். சிப்பந்திக்குப் புரிந்துவிட்டது.

அக்கா நடந்து வந்தார். ஓடவில்லை. கையில் சீரோஸ் லுக்குமி மிட்டாய் இரண்டு பெட்டி, மெல்லிய அப்பளத்துக்கு நடுவே பாதாம் நூகட் வைத்த ஹல்வதோப்பிதா ஒரு பெட்டி. முகத்தில் எந்தக் குற்ற உணர்ச்சியும் இல்லை. பலகை அவர் பின்னாலேயே மேலே எழும்பியது.

வெடிக்கப் போகிறார் என்று நானும் என் மனைவியும் இரண்டடி தள்ளி நின்றோம். சகலை மூச்சு வாங்கிக்கொண்டு பெட்டிகளைப் பார்த்தார்.

“ரோஜா வாசனை போட்டது இருக்கா?”