எஸ்டிமேட் போயிருக்கு

அவர் பஞ்சாயத்துத் தலைவர் இல்லை, தலைவரின் வீட்டுக்காரர். உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் என்று 2016-இல் சட்டம் வந்தபோது, ஏற்கெனவே இருந்த பாதியோடு இந்தப் பாதியும் தனக்குத்தான் என்று புரிந்துகொண்டவர். ஃப்ளெக்ஸில் தலைவரம்மா படம் பாஸ்போர்ட் அளவு, இவர் படம் ஆளுயரம். வெள்ளைச் சட்டைப் பையில் ஒரு பேனா, ஒரு செல்போன், அம்மாவின் டிஜிட்டல் கையெழுத்து அடங்கிய பென்டிரைவ். ஊரில் எல்லோரும் ‘தலைவரே’ என்று கூப்பிடுவது இவரைத்தான். நிஜத் தலைவரை ‘தலைவர் வீட்டம்மா’ என்பார்கள்.

இதையெல்லாம் அரியலூர், பெரம்பலூர்ப் பக்கத்தில் பார்த்துப் பழகிவிட்டோம். பழகாதது அவருடைய அந்த ஒரே பதில்.

“தலைவரே, மூணாவது தெருவுல லைட்டு எரியல.”

“எஸ்டிமேட் போயிருக்கு தம்பி.”

“பள்ளிக்கூடத்துக்குப் பின்னால சாக்கடை ரோட்டுல ஓடுது.”

“அதுக்கும் போயிருக்கு.”

“ரெண்டு நாளா ஒரு நாய் எல்லாரையும் துரத்துதுங்க.”

நாய்க்கும் போயிருக்குமோ என்று அவர் ஒரு நொடி யோசிப்பதை முகத்திலேயே பார்க்கலாம்.

கல்யாண வயது தாண்டிய பெண்ணின் ஜாதகம் மாதிரி எங்கள் ஊர் எஸ்டிமேட்டுகள் எப்போதும் வெளியூரிலேயே இருக்கின்றன. ஓவர்சியர் வந்து டேப் பிடித்து அளந்ததைக் கண்ணால் பார்த்தவர்கள் உண்டு. அதற்குப் பிறகு அது ஒன்றிய ஆபீஸில் இருக்கிறது, என்ஜினீயர் மேசையில் இருக்கிறது, கலெக்டர் ஆபீஸுக்குப் போய்விட்டது, ஒரு கேள்வி கேட்டுத் திரும்பி வந்திருக்கிறது, பதில் எழுதி மறுபடி போயிருக்கிறது. இந்தப் பயணத்தை அவர் விவரிக்கும்போது குரலில் ஒரு பெருமிதம் தெரியும். சொந்தப் பிள்ளை துபாயில் இருப்பதைக்கூட அவர் அப்படிச் சொல்வதில்லை.

ஓடைப் பாலம் ஏன் இன்னும் வரவில்லை என்பதற்கு அவர் வைத்திருக்கும் விளக்கம் வரலாற்றுப் பாடம். “1995-ல திருச்சியிலேர்ந்து பெரம்பலூர் மாவட்டம் பிரிஞ்சுதா? 2001-ல நம்ம அரியலூரைத் தனி மாவட்டம் ஆக்கினாங்க. அடுத்த வருசமே திரும்பச் சேர்த்தாங்க. 2007-ல மறுபடி பிரிச்சாங்க. இந்த இழுபறியில நம்ம பால ஃபைலு பெரம்பலூர்லயே நின்னுபோச்சு.” வருடங்கள் எல்லாம் சரி, அதில் ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் 2007-க்குப் பிறகு ஓடையில் எத்தனை மழைத் தண்ணீர் போயிருக்கிறது! பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவே ஒரு ஃபைல் நடந்தே வந்திருந்தாலும் அடுத்த நாள் பொழுது சாய்வதற்குள் சேர்ந்திருக்கும்.

ரோட்டுக்கு வேறு கணக்கு. சுண்ணாம்புக்கல் லாரிகள் இரவும் பகலும் ஓடி, எங்கள் சாலையில் பள்ளங்களுக்கு நடுவே கொஞ்சம் தார் மிச்சமிருக்கிறது. கேட்டால், “15-ஆவது நிதிக்குழுப் பணத்துல நூத்துக்கு அறுபது தண்ணிக்கும் சுகாதாரத்துக்கும்தான். ரோட்டுல கை வெக்க முடியாது. அதான் கனிம நிதியில எஸ்டிமேட் போட்டிருக்கோம்” என்பார். சரி, அந்த அறுபதில் தண்ணீராவது வருமா என்று கேட்டால், “தண்ணிதான் ஜல் ஜீவன்ல வருதே” என்பார். ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்பது அந்தத் திட்டத்தின் கணக்கு. வாசலுக்கு வாசல் குழாய் நிற்கிறது. ஒரு பாட்டி அதில் கன்றுக்குட்டியைக் கட்டியிருக்கிறார்.

ஒன்றை மட்டும் மறைக்கக் கூடாது. டேங்க் மோட்டார் காயில் கருகிப்போன இரவில் இந்த மனிதரிடம் எஸ்டிமேட் என்ற பேச்சே கிடையாது. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, டேங்க் ஆபரேட்டரைத் திட்டி எழுப்பி, மோட்டாரை மேலே ஏற்ற நாலு பையன்களைப் பிடித்து, ரீவைண்டிங் கடைக்காரரின் வீட்டுக் கதவைத் தட்டி, விடிவதற்குள் தண்ணீர் ஏற்றிவிடுவார். கைக்காசுதான். பில் பாஸாகி அந்தப் பணம் திரும்பி வருமா என்பது அவருக்கே தெரியாது. அப்போது அவரைப் பார்த்தால் இவரே தலைவராக இருந்துவிட்டுப் போகட்டும் என்று தோன்றும்.

மறுநாள் காலை லைட்டைப் பற்றிக் கேட்டால் அந்த எண்ணம் போய்விடும்.

லைட்டுக்காக ஒருமுறை அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். எஸ்டிமேட் எங்கே இருக்கிறது என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது. “மூணாவது தெருவுல பல்பு நல்லாத்தாங்க இருக்கு. கம்பத்துல ஒயர் அறுந்து தொங்குது. லைன்மேன்கிட்ட சொன்னா அஞ்சு நிமிசம்.” தலைவர் சிரித்தார். “அவளுக்கு என்ன தெரியும், நீங்க காபி சாப்பிடுங்க தம்பி.” லைட் அப்புறமும் பல நாள் எரியவில்லை.

கிராம சபையில் அந்த அம்மா சொல்வது ‘வணக்கம்’. முடிவில் சொல்வது ‘நன்றி’. ஜனவரி 26-இல் தொடங்கி நவம்பர் 1 வரை வருடத்துக்கு ஆறு கிராம சபை. ஆறிலும் இந்த இரண்டு வார்த்தைதான். நடுவில் உள்ளதெல்லாம் இவர். ஓட்டுப் போட்டது அந்த அம்மாவுக்கு. செக்கில் பெயர் அந்த அம்மாவுடையது. தணிக்கையில் நாளைக்கு ஒரு ரூபாய் குறைந்தாலும் நோட்டீஸ் வருவது அந்த அம்மாவுக்கு. இவர் பெயர் ஒரு காகிதத்திலும் இல்லை. இதில் சிரிக்க ஒன்றும் இல்லை.

2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு அந்தப் பதவிக்காலமும் முடிந்தது. தேர்தல் நடக்கவில்லை, நிர்வாகம் தனி அலுவலர் கைக்குப் போனது. அவருக்குப் பல ஊர், எங்களுக்கு அவர் ஒருவர். கோபத்தைக் காட்ட ஆள் இல்லாமல் ஊர் தவித்தது. ஆகவே பழக்கத்தில் பழைய திண்ணைக்கே போனோம். தலைவரும் பழக்கத்தில் அதே பதிலைச் சொன்னார். பதவி போனது இரு தரப்புப் பேச்சிலும் தெரியவில்லை.

ஆனால் முகத்தில் ஒரு கவலை. அடுத்த தேர்தலில் சுழற்சி மாறி, எங்கள் ஊர் ஆதிதிராவிடர் பெண்களுக்கு ஒதுக்கப்படலாம் என்று டீக்கடையில் பேச்சு. அப்படி ஆகிவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். கேட்டதும் முகம் தெளிந்துவிட்டது, யோசித்து வைத்திருக்கிறார்.

“நம்ம முந்திரிக்காட்டுல கொட்டை பொறுக்க வருது ஒரு பொண்ணு. கையெழுத்துப் போடத் தெரியும் தம்பி. போதும்ல?”