ஜாக்கியின் சமாதி

கேள்வி: எங்கள் வீட்டில் முப்பது வருஷங்களில் நான்கு நாய்கள் வளர்ந்து மறைந்தன. கடைசியாகப் போனவனைத் தோட்டத்தில் புதைத்து ஒரு கல் நாட்டினேன். "நாய்க்குச் சமாதியா?" என்கிறார் மைத்துனர். என்ன பதில் சொல்வது?
– ஒரு வாசகர், திருவண்ணாமலை

பதில்: பதிலை நான் எழுதுவானேன்? செங்கம் சாலையிலுள்ள ரமணாச்ரமத்திற்கு மைத்துனரை அழைத்துச் சென்று, பசு லக்ஷ்மியின் சமாதிக்கருகே ஜாக்கி என்ற நாய்க்கும் ஒரு சமாதி இருப்பதைக் காட்டினால், கல்லே பேசிவிடும்! பகவான் ரமணர் நாயை 'அது' என்று சொல்லாமல் 'அவன்', 'அவள்' என்றே சொல்வார்; மனிதருக்கு முன்பாக அவற்றிற்கு ஆகாரமாயிற்றா என்றும் விசாரிப்பார். அவர் 1916 முதல் 1922 வரை மலைமீது ஸ்கந்தாச்ரமத்தில் வசித்த நாட்களில் உடனிருந்த கமலா என்பவளோ, வழி தெரியாமல் வந்த அந்நியரை அழைத்துச் செல்லும்படி அவர் சொன்ன மாத்திரத்தில், மலையிலுள்ள தீர்த்தங்களையும் சந்நிதிகளையும் ஒவ்வொன்றாகக் காட்டித் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பாளாம். தக்ஷிணை கேளாத வழிகாட்டியை அண்ணாமலையில் அவளுக்குப் பின் யாராவது கண்டதுண்டா?

அதற்கு முன் பகவான் வசித்த விரூபாக்ஷ குகையில் சின்னக் கருப்பன் என்றொருவன் இருந்தான். உடம்பெல்லாம் கறுப்பு, யாரையும் நெருங்காத சுபாவம். அதே குகையிலிருந்த வேறொரு நாய், கடிந்து சொன்ன ஒரு சொல்லைத் தாளாமல் குளத்தில் விழுந்து உயிர் விட்டதைப் படித்த நாள் முதல், எங்கள் வீட்டு நாயை அதட்ட எனக்கு நா எழுவதில்லை.

தங்கள் கல் அப்படியே இருக்கட்டும். அவன் பெயரையும் அதில் வெட்டிவையுங்கள்.