வீட்டுக்காரருக்கு அனுமதி இல்லை

கொம்பியூட்டர் நம் காசில் வாங்கியது. மேசையும் நம்முடையது, கரண்ட் பில் கட்டுவதும் நாம்தான். ஆனால் அதற்குள் இருக்கிற மகளின் கல்யாணப் படங்களைத் திறக்கப் போனால், இந்த ஃபோல்டரைப் பார்க்க உங்களுக்கு அனுமதி இல்லை என்கிறது. 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியோடு விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசொஃப்ட் நிறுத்தினாலும் நிறுத்தியது, கண்டி டவுனிலும் கட்டுகஸ்தோட்டை, பேராதனைப் பக்கங்களிலும் வீட்டுக்கு வீடு இதே கூத்து. பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்ப் புது விண்டோஸ் போட்டுக்கொண்டு வந்திருப்போம். படங்கள் ஹார்ட் டிஸ்க்கில் பத்திரமாகத்தான் இருக்கும், தொடத்தான் விடாது. இதற்கு ஒரு வழி உண்டு, கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் குற்றவாளி யாரென்று தீர்த்துவிட வேண்டும். பெரிசுகளுக்குக் கொம்பியூட்டர் தெரியாது என்று நம் தலையில் பழியைப் போட்டுவிட்டு ஊர் போய்க்கொண்டே இருக்கிறது. என் கட்சி வேறு. வீட்டுக் கொம்பியூட்டரில் அதிகாரம் அதை வாங்கியவரிடமும் இல்லை, பாவிக்கிறவரிடமும் இல்லை. விண்டோஸ் போட்ட அன்றைக்கு அதன் முன்னால் யார் குந்தியிருந்தாரோ, அவரிடம்தான் இருக்கிறது.

குந்தியிருந்தவர் பெரும்பாலும் இரண்டு பேரில் ஒருவர்: கடைப் பையன், இல்லாவிட்டால் விசா வந்து பெட்டி கட்டிக்கொண்டிருக்கிற மகன். கடைப் பையன் என்றால் கணக்கின் பெயர் 'யூசர்', அல்லது 'அட்மின்', மிஞ்சிப்போனால் கடையின் பெயர். ஐந்து வருடமாக அந்த வீட்டம்மா காலையில் எழும்பிக் கடைக்காரராக உள்ளே போய், கடைக்காரராகவே பேரப்பிள்ளையின் படத்தைப் பார்த்துவிட்டு வெளியே வருவார். மகன் என்றால் கொஞ்சம் நாகரிகமாக மின்னஞ்சல் முகவரி கொடுத்துத் தொடங்கியிருப்பான். அதில் முதல் ஐந்து எழுத்தை மட்டும் வெட்டியெடுத்து விண்டோஸ் ஃபோல்டருக்குப் பெயர் வைக்கும், ராஜேஸ்வரி அக்கா அன்றிலிருந்து ராஜேஸ். இதெல்லாம் போகட்டும், பெயரில் என்ன இருக்கிறது என்பீர்கள். உண்மையில் ஒன்றுமே இல்லை, விண்டோஸ் பெயரைப் பார்ப்பதே கிடையாது. ஒவ்வொரு கணக்குக்கும் எஸ்-1-5-21 என்று தொடங்கி முழ நீளத்துக்குப் போகிற ஓர் இலக்கத்தைத் தானே கொடுத்துக்கொள்ளும். ஃபோல்டர்களின் உறுதி அந்த இலக்கத்தின் பேரில்தான் எழுதப்படும். புது விண்டோஸ் போட்டால் புது இலக்கம். ஆகவே போன வருடத்து 'அப்பா' வேறு ஆள், இந்த வருடத்து 'அப்பா' வேறு ஆள். பெயரும் ஒன்று, பாஸ்வேர்டும் ஒன்று, மூக்குக் கண்ணாடிகூட ஒன்று, என்றாலும் கதவு திறக்காது. உரிமையாளர் யாரென்று தோண்டிப் பார்த்தால் பழைய இலக்கத்துக்குப் பக்கத்தில் 'தெரியாத கணக்கு' என்று எழுதியிருக்கும். படத்தில் மணவறைக்குப் பக்கத்தில் நிற்கிறவரும் அந்தத் தெரியாத ஆள்தான்.

பாதுகாப்புக்காகத்தானே இவ்வளவும் என்று ஒரு நியாயம் சொல்வார்கள். நியாயம்தான், அரைவாசி. எக்ஸ்பி காலத்தில் வீட்டில் எல்லாரும் அட்மின், பென் டிரைவ் ஒன்றைச் செருகினாலே போதும், ஊரில் உள்ள வைரஸ் எல்லாம் குடிவந்துவிடும். அதற்கு மருந்தாக 2007 ஜனவரியில் விஸ்டாவோடு வந்தது அந்தக் கேள்வி: இந்தப் புரோகிராம் மாற்றம் செய்யப் போகிறது, அனுமதிக்கிறீர்களா? பிரிண்டர் மாட்டினாலும் கேட்டது, மணிக்கூட்டைத் திருத்தினாலும் கேட்டது. அடுத்த வருடமே மைக்ரோசொஃப்டின் டேவிட் குரோஸ் ஒரு பாதுகாப்பு மாநாட்டு மேடையில் உண்மையைப் போட்டு உடைத்தார்: அதை வைத்ததே பாவிக்கிறவர்களுக்கு எரிச்சல் மூட்டத்தான். நாம் எரிச்சற்பட்டுக் கத்தினால், மென்பொருள் செய்கிறவர்கள் அட்மின் உரிமை கேட்காத மாதிரித் தங்கள் சாமானைத் திருத்திக்கொள்வார்கள் என்பது கணக்கு. அவர்கள் ஓரளவு திருந்தினார்கள் என்றே வைத்துக்கொள்வோம். நமக்கு மிஞ்சியது ஒரு பழக்கம்: எது கேட்டாலும், வாசிக்காமல், 'ஆம்'. எரிச்சல் மூட்டவென்று வைத்த கேள்விக்கு வேறெந்த மறுமொழியை எதிர்பார்த்தார்கள்? இதில் டொரொண்டோ மகனின் பாடு தனி. எனிடெஸ்க்கில் நுழைந்து எல்லாவற்றையும் சரிசெய்துகொண்டே வருவான், அந்தக் கேள்வி எழும்பும் நேரத்தில் மட்டும் அவன் பக்கத்துத் திரை உறைந்துவிடும். அந்தக் கேள்வி தோன்றும் திரையைத் தூரத்திலிருந்து பார்க்கிற சாதாரண புரோகிராமுக்குக் காட்டாமல் விண்டோஸ் ஒதுக்கி வைத்திருக்கிறது. அதிகாரமுள்ளவனுக்குக் கேள்வி தெரியாது, கேள்வி தெரிகிறவருக்கு அதிகாரம் கிடையாது.

அதிகாரத்தைப் பங்கிடும் விஷயத்தில் கண்டிக்காரருக்கு வெளியூர்ப் பாடம் தேவையே இல்லை, வாவிக்கரையில் இருக்கிறது. தலதா மாளிகையின் புனித தந்தத்துக்குக் காவல் பொறுப்பு மூவருக்கு: மல்வத்தை மகாநாயக்கர், அஸ்கிரிய மகாநாயக்கர், தியவடன நிலமே. திறப்புகள் பகிர்ந்திருக்கின்றன, ஒருவர் மட்டும் நினைத்துப் பேழை திறக்காது. நிலமே தெரிவு செய்யப்பட்டு வருகிறவர், தவணை முடிந்தால் ஆள் மாறலாம். திறப்பு பதவியோடு நிற்கும், ஆளோடு விமானம் ஏறாது. இந்த ஒழுங்கும் சும்மா வந்ததல்ல. 1815 மார்ச் 2 ஆம் திகதி கண்டி ஒப்பந்தத்தின் ஐந்தாம் பிரிவில் பௌத்த மதத்தைக் காப்போம் என்று எழுதிக் கொடுத்தான் வெள்ளைக்காரன், அது எவ்வளவு பெரிய அட்மின் வேலை என்று விளங்காமலே. 1818 கிளர்ச்சியில் கைமாறிப் போன தந்தம் திரும்பக் கிடைத்ததும் காவலையும் தானே எடுத்துக்கொண்டான். மகாவம்சத்தை 1837 இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட ஜோர்ஜ் டேர்னர், கண்டியில் அரசாங்க அதிகாரியாக இருந்த காலத்தில் தந்தத்துக்கும் பொறுப்பு. கிறிஸ்தவ அரசாங்கத்துக்குப் புத்தர் கோயிலில் என்ன காவல் வேலை என்று பாதிரிமார் சண்டைக்கு வந்தார்கள். விட்டுவிடலாம் என்றால் யாரிடம் விடுவது? ஒருவரிடம் கொடுத்தால் அவர் ராஜாவாகிவிடுவாரோ என்ற பயம். இழுத்து இழுத்து, 1853 இல்தான் மூவரிடமும் கொடுத்துவிட்டுக் கையைக் கழுவினான். ஒப்பந்தம் ஒரு நாளில் முடிந்தது, அதிலிருந்து திறப்பை இறக்கி வைக்க 38 வருடம். ராஜாவையும் சொல்லாமல் விட மனமில்லை. ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனை 1816 இல் வேலூருக்கு அனுப்பினார்கள், 1832 இல் காலமாகும் வரை அங்கேதான் வைத்திருந்தார்கள். கணக்கை அழிக்கவில்லை, முடக்கினார்கள். உதாரணம் நீண்டுவிட்டது, தெரிகிறது. ஆனால் விண்டோஸுக்குள்ளும் ஒரு வேலூர் இருக்கிறது. 'அட்மினிஸ்ட்ரேட்டர்' என்ற மூலக் கணக்கு விஸ்டா காலந்தொட்டு வழக்கமாக முடக்கப்பட்டே வருகிறது. அழியாது, கண்ணிலும் படாது. நான் சொல்ல வந்த வழி அங்கேதான் போகிறது.

அதற்குள் ஓர் ஆட்சேபம். மூன்று திறப்புப் போட வீடு என்ன தலதா மாளிகையா? இல்லை. மூன்றும் வேண்டாம், இரண்டு போதும். அன்றாடம் பாவிக்க அதிகாரமில்லாத ஒரு கணக்கு, அதிகாரமுள்ள இன்னொன்றின் பாஸ்வேர்ட் ஒரு துண்டில் எழுதி அலுமாரிக்குள். எழுதி வைக்கக் கூடாது என்பார்கள் கெட்டிக்காரர். ஒஃபிஸில் கூடாதுதான். பாஸ்வேர்டே ஒரு மெஷினைப் பல பேர் பங்கிட்டதால் வந்த ஏற்பாடு, எம்ஐடியில் 1960களின் தொடக்கத்தில். அங்கே 1966 இல் என்ன நடந்தது? இரண்டு அட்மின்கள் ஒரே நேரத்தில் இரண்டு ஃபைல்களில் கை வைக்க, ஃபைல்கள் இடம் மாறி, உள்ளே நுழைந்த ஒவ்வொருவருக்கும் அன்றைய அறிவித்தலுக்குப் பதிலாக எல்லாருடைய பாஸ்வேர்டும் வந்து விழுந்தது. நிபுணர் கையிலேயே இந்த லட்சணம். நம் அலுமாரியைத் திறக்கிற கள்ளன் நகையைத் தேடுவானே ஒழிய விண்டோஸ் பாஸ்வேர்டைத் தேட மாட்டான். தேவைக்கு மேல் ஒருவருக்கும் அதிகாரம் கொடுக்காதே என்று சால்ட்சரும் ஷ்ரோடரும் 1975 இல் எழுதியதை நான் மறுக்கவில்லை. தேவைப்படும்போது கொடுக்க வீட்டில் ஒருவராவது வேண்டாமா என்றுதான் கேட்கிறேன்.

சரி, அந்த வழி. முடங்கிக் கிடக்கும் மூலக் கணக்கை எழுப்ப ஒரே வரிக் கட்டளை: நெட் யூசர் அட்மினிஸ்ட்ரேட்டர் ஸ்லாஷ் ஆக்டிவ் கோலன் யெஸ். கறுப்பு ஜன்னலைத் திறந்து அடிக்க வேண்டும். ஒரு சின்ன நிபந்தனை, அந்த ஜன்னலை அட்மினாகத் திறக்க வேண்டும். அட்மின் ஒருவரும் உயிரோடு இல்லாத வீட்டில் அப்படித் திறக்கப் போனால் வழக்கமான கேள்வி வரும், 'ஆம்' பொத்தான் மட்டும் சாம்பல் பூசிக்கொண்டு அமுங்காது. சரி, சாதாரணமாகவே திறந்து அடித்துப் பார்ப்போம் என்பான் டொரொண்டோக்காரன், அங்கே நடுச்சாமம். "அப்பா, ஸ்லாஷ் போடுங்க." எந்தப் பக்கம் சாய்ந்தது? "கேள்விக்குறிக்குக் கீழே இருக்கிறது." கேள்விக்குறிக்குக் கீழே புள்ளிதானே இருக்கிறது? "குறியில் இல்லப்பா, கீபோர்டில!" ஒருவழியாக என்டரைத் தட்டினால் ஒரு வரி வரும்: தவறு இலக்கம் 5, அனுமதி மறுக்கப்பட்டது. அதற்கு முந்திய நாலு தவறும் என்னவென்று கேட்கலாம்தான், அதையும் யாரிடம் கேட்பது?