காயில் தேர்தல்: உத்திரமேரூர் கல்வெட்டுகளை முன்வைத்து ஓர் ஆய்வு

முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் வெட்டப்பட்ட இரண்டு கல்வெட்டுகளை, பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டு எடுக்கும் குடவோலைத் தேர்தலுக்கான சான்றாகவே அறிஞர்கள் இதுவரை படித்து வந்திருக்கிறார்கள். பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு இக்னிஷன் காயில் வாங்கும் வழிகாட்டியாக அவற்றைப் படிக்க ஒருவரும் முன்வரவில்லை. அந்தப் பெருங்குறையை நீக்கவே இக்கட்டுரை.

ஆய்வுப் பொருள் இது: உத்திரமேரூரில் ஒருவருடைய மாட்டுக் கொட்டகையில் 1970-களின் ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் 1500 ஒன்று நிற்பதாகக் கொள்க. கதவு இரண்டு, இருக்கை இரண்டு, மடக்குகிற துணிக் கூரை, நாலு சிலிண்டர், 1493 சிசி. இதெல்லாம் நடக்கிற கதையா என்று வாசகர் முகம் சுளிக்க வேண்டாம். ட்ரையம்ஃபின் ஹெரால்டு என்ற காரின் சேஸியைக் குட்டையாக்கித்தான் ஸ்பிட்ஃபயரையே செய்தார்கள். இரண்டுக்கும் உருவம் கொடுத்தவர் இத்தாலியின் ஜியோவானி மிகெலோட்டி. அந்த ஹெரால்டை 1961 முதல் வண்டலூர்ப் பக்கத்தில் ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் கம்பெனி தயாரித்தது. ஆக, அந்நாளில் உத்திரமேரூரிலிருந்து செங்கல்பட்டு வழியாக மெட்ராஸ் போன எவரும் ஸ்பிட்ஃபயருக்கு அண்ணன் முறை ஆகிற காரின் பிறந்த வீட்டைக் கடந்துதான் போயிருக்கிறார்கள்.

நோய்க்குறி வருமாறு. காலையில் ஒரே செல்ஃபில் எடுக்கும். அரை மணி ஓடியதும் மிஸ்ஸிங் அடித்து, சாலவாக்கம் ரோட்டோரம் படுத்துக்கொள்ளும். பானெட்டைத் திறந்து வைத்துவிட்டு, ஒரு டீ குடித்து வந்து சாவியைத் திருப்பினால், எதுவுமே நடக்காததுபோல எடுக்கும்.

“காயில் போயிடுச்சு சார்,” என்பார் மெக்கானிக், எதையும் தொட்டுப் பார்க்காமலே.

“வேற எதுனா இருந்தா, அண்ணே?”

“வேற எதுவா இருந்தாலும், மொதல்ல காயில மாத்திடலாம் சார்.”

பூர்வபட்சம் இது. மறுப்பு: டிஸ்ட்ரிபியூட்டரில், காயிலின் கரண்டைத் திறந்து மூடும் பாயிண்டோடு சேர்ந்து கிடக்கும் கண்டென்சர் சூட்டில் பழுதானாலும் நோய் இதே மாதிரிதான் தெரியும். கண்டென்சர் காயிலைவிட மலிவு. அதை மாற்றியும் வண்டி படுத்தால்தான் காயிலைக் கூண்டில் ஏற்ற வேண்டும். உள்ளே கம்பிச் சுற்றுகளுக்கு நடுவிலிருக்கும் இன்சுலேஷன் நைந்து, சூடேறியதும் கரண்ட் குறுக்கு வழியில் போய்விடுகிறது என்பதே அப்போது குற்றச்சாட்டு.

காயில் என்பது உள்ளங்கையில் அடங்கும் ஓர் உலோகக் குடுவை. நடுவில் இரும்புத் தகடுகள். அவற்றின்மேல் மயிரிழை போன்ற செம்புக் கம்பி பல ஆயிரம் சுற்று. அதற்கும் மேலே தடித்த கம்பி சில நூறு சுற்று. எல்லாம் எண்ணெயில் ஊறிக் கிடக்கும். பாயிண்ட் மூடியிருக்கும்போது பேட்டரி கரண்ட் தடித்த கம்பியில் ஓடிக் காந்தப்புலத்தை வளர்க்கும். பாயிண்ட் திறந்த கணத்தில் அந்தப் புலம் சரிய, மெல்லிய கம்பியில் பல ஆயிரம் வோல்ட் கிளம்பிப் பிளக்கில் தாவும். 6000 ஆர்பிஎம்மில் நாலு சிலிண்டர் எஞ்சினுக்கு இது நொடிக்கு 200 தடவை நடந்தாக வேண்டும். இந்த வித்தையை 1836-ல் செய்து காட்டியவர் அயர்லாந்தின் மேனூத் கல்லூரியிலிருந்த பாதிரியார் நிக்கோலஸ் கேலன். வோல்ட்மீட்டருக்குப் பதிலாக மாணவர்களை வைத்துச் சோதித்தவர் என்று அவருக்குப் பெயர். கருவியைச் செம்மைப்படுத்திய ருஹ்ம்கார்ஃபுக்கு 1864-ல் மூன்றாம் நெப்போலியன் 50,000 பிராங்க் பரிசு கொடுத்தார். 1910 வாக்கில் அமெரிக்காவின் சார்லஸ் கெட்டரிங் அதை பேட்டரியோடும் பாயிண்டோடும் சேர்த்துக் காருக்குள் ஏற்றினார்.

இனி கல்வெட்டு. ஊர்ச் சபையின் வாரியத்துக்கு நிற்பவருக்குக் கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், கல்வி வேண்டும். வயது 919-ல் 30 முதல் 60 வரை என்றிருந்ததை 921-ல் 35 முதல் 70 வரை என்று திருத்தினார்கள். நல்லவேளை. ஸ்பிட்ஃபயர் உற்பத்தியானது 1962 முதல் 1980 வரை; பழைய விதியே நீடித்திருந்தால் முதல் ஆண்டுக் கார்கள் எல்லாம் இன்று தகுதியிழந்திருக்கும்.

தகுதிகளைவிடத் தகுதியிழப்புப் பட்டியல்தான் நீளம். அதில் முதன்மையானவர், பதவியிலிருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர். காயில் காட்டவேண்டிய கணக்கு ஓம்ஸ். ஒயர்களைக் கழற்றிவிட்டு, இரண்டு சிறிய முனைகளுக்கு நடுவே மல்டிமீட்டரை வைத்தால் ஏறக்குறைய 3 ஓம்ஸ் காட்டும் காயில் ஒரு ஜாதி, 1.5 ஓம்ஸ் காட்டும் காயில் வேறு ஜாதி. இரண்டின் உடம்பிலும் 12 வோல்ட் என்றே அச்சடித்திருக்கலாம். மலிவு மீட்டரின் இரண்டு ஊசிகளையும் ஒன்றோடொன்று தொடவைத்தாலே 0.3, 0.4 என்று ஏதாவது காட்டும்; அதைக் கழிக்க வேண்டும். ஆயிரக்கணக்கில் அளக்கும்போது அது தூசு. ஒன்றரைக்கும் மூன்றுக்கும் நடுவே தீர்ப்புச் சொல்லும்போது அரை ஓம் பெரிய விஷயம். மீட்டரின் ஓர் ஊசியைத் தடித்த ஒயர் மாட்டும் நடுக்குழிக்குள் விட்டு மெல்லிய கம்பியையும் அளக்க வேண்டும். இத்தகைய காயில்களில் அது பொதுவாக 6,000-க்கும் 10,000-க்கும் இடையில் நிற்கும். கணக்குக் காட்டாதவரின் சின்னம்மா, பெரியம்மா பிள்ளைகளையும் கல்வெட்டு சேர்த்தே விலக்குகிறது. ஒரே அட்டைப்பெட்டியில் வந்த காயில்களில் ஒன்று கோணலாகக் காட்டினால் மிச்சத்தையும் அளந்து பார்ப்பது சோழர் மரபு.

அடுத்தது சொந்த மனை. இந்த ஆய்வின் மையம் இதுதான்: காயிலைக் காரின் பெயரைச் சொல்லி வாங்கக் கூடாது, அதற்கு வந்து சேரும் ஒயரைப் பார்த்து வாங்க வேண்டும். பழைய ஏற்பாட்டில் சாவியிலிருந்து வெள்ளை ஒயர் நேராகக் காயிலுக்கு வரும். 12 வோல்ட் முழுசாக வரும். 3 ஓம்ஸ் காயில் 4 ஆம்பியர் குடிக்கும். பின்னால் வந்த ஸ்பிட்ஃபயர் 1500-ல் வழியில் ஒரு ரெசிஸ்டன்ஸ் ஒயர் உண்டு. இளஞ்சிவப்பில் வெள்ளைக் கோடு போட்டது. அது ஏறக்குறைய 1.5 ஓம்ஸைத் தான் வாங்கிக்கொள்வதால், காயிலும் 1.5 ஓம்ஸாக இருக்க வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது மட்டும் வெள்ளை-மஞ்சள் ஒயர் ஒன்று குறுக்கு வழியில் முழு பேட்டரியையும் கொடுக்கும். செல்ஃப் இழுக்கும் இழுப்பில் பேட்டரியே 9, 10 வோல்ட்டுக்கு இறங்கிப் போனாலும் ஸ்பார்க் குறையாதிருக்கத்தான் இத்தனை ஏற்பாடும்.

மனை மாறிக் குடியேறினால் என்ன ஆகும்? 1.5 ஓம்ஸ் காயிலை நேரடி ஒயரில் மாட்டினால் 8 ஆம்பியர் ஓடும். முதல் நாள் வண்டி குதிரை மாதிரி எடுக்கும், உரிமையாளர் தெருவுக்கே இனிப்புக் கொடுப்பார். பிறகு காயில் தொட முடியாத சூடாகும், பாயிண்ட் கருகும். மாறாக 3 ஓம்ஸ் காயிலை ரெசிஸ்டன்ஸ் ஒயரில் மாட்டினால் கரண்ட் 3 ஆம்பியரைக்கூட எட்டாது. எதுவும் எரியாது, ஆனால் முறுக்கினால் மிஸ்ஸிங் அடிக்கும், மேட்டில் இழுக்காது. இந்த இரண்டாவது பிழையைக் கார்புரேட்டர் தலையில் கட்டி, அதையும் கழற்றிப் பிரித்துப் போடுவது வழக்கம்.

எந்த ஏற்பாடு என்று காரைப் பார்த்துச் சொல்லிவிட முடியாதா? முடியாது. அரை நூற்றாண்டில் கை மாறிய காரின் ஒயரிங் ஏட்டுச்சுவடி போன்றது: மூலபாடம் கொஞ்சம், பாடபேதம் நிறைய, இடைச்செருகல் அதைவிட நிறைய. ஒருவர் ஃபேன் வைத்திருப்பார், அடுத்தவர் பாட்டுப்பெட்டி, மூன்றாமவர் இளஞ்சிவப்பு ஒயர் அறுந்தது என்று சாதாரணச் சிவப்பு ஒயரைப் போட்டு டேப் சுற்றி முடித்திருப்பார். மூன்றாமவர் அறியாமலே காரின் இலக்கணத்தை மாற்றிவிட்டார். உ.வே.சா. இந்தக் காரைப் பார்த்திருந்தால் அடிக்குறிப்புக்கே தனி நூல் போட்டிருப்பார்.

அளந்துதான் தீர்க்க வேண்டும், அதிலும் ஒரு பொறி உண்டு. சாவியைப் போட்டுக் காயிலின் பிளஸ் முனையில் மீட்டரை வைத்தால் 12 காட்டும், “நேரடி ஒயர்தான்” என்று ஆய்வாளர் மகிழ்ந்துவிடுவார். அந்த நேரம் பாயிண்ட் திறந்திருந்தால் கரண்டே ஓடாது. கரண்ட் ஓடாத ஒயரில் வோல்ட்டும் இறங்காது. ரெசிஸ்டன்ஸ் ஒயர் இருந்தாலும் 12-தான் காட்டும். மைனஸ் முனையை ஒரு துண்டு ஒயரால் பாடிக்கு எர்த் செய்து, காயிலில் கரண்ட் ஓடும்போது அளந்தால்தான் உண்மை வரும்: 12-ஐ ஒட்டி நின்றால் நேரடி, 6, 7 என்று விழுந்தால் இடையில் ரெசிஸ்டன்ஸ். அளந்ததும் சாவியை அணைத்துவிட வேண்டும். எஞ்சின் ஓடாமல் கரண்டை மட்டும் விட்டுவைப்பதே காயிலைக் கொல்லும் நிச்சயமான வழி.

கையில் எண்ணோடு இனி சென்னைக்குப் போகலாம். பொய்யாவணம் எழுதியவரும் கழுதைமேல் ஏறியவரும் தகுதியற்றவர் என்கிறது கல்வெட்டு. முன்னவரைப் புதுசாகவும் பின்னவரைப் பழசாகவும் சந்திக்கலாம். ஜி.பி. ரோட்டில் புதுப் பெட்டிக்குள்ளிருக்கும் காயில்மேல் ஒட்டிய பிராண்டு ஸ்டிக்கர் நகத்தால் கீறினால் சுருண்டு வருமானால் அது பொய்யாவணம். புதுப்பேட்டைக் கடைகளில் எந்த வண்டியில் ஏறி இறங்கியது என்று தெரியாத காயில், கழுதை ஏறியது. அதை வாங்கித்தான் ஆகவேண்டுமென்றால் கறுப்பு மூடியைத் துடைத்து வெயிலில் திருப்பிப் பார்க்க வேண்டும். நடுக்குழியிலிருந்து ஓரத்து முனையை நோக்கி ஒரு மெல்லிய கரிக்கோடு தெரிந்தால், ஸ்பார்க் பிளக்குக்குப் போகாமல் மூடியின்மேலேயே பாதை போட்டுக்கொண்டது என்று பொருள். மூடியோரம் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலும் கீழே வைத்துவிடலாம். குவியலுக்குள் கையை விட்டு ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொல்லும் கடைக்காரர் குடவோலை முறையைப் பாதிதான் படித்திருக்கிறார். குடத்தில் போடுமுன்பே பெயர்கள் சலிக்கப்பட்டுவிடும் என்பதை அவர் மறந்துவிட்டார்.

தங்க நிறக் காயில் பற்றி ஒரு வார்த்தை. லூகாஸ் நிறுவனத்தின் ஸ்போர்ட்ஸ் காயில் தங்க நிறத்தில் வரும். ஸ்போர்ட்ஸ் கார்க்காரர்கள் அதைப் பார்த்தால் கண் கலங்குவார்கள். 40,000 வோல்ட் என்று விளம்பரம் சொல்லலாம். பிளக்கின் இடைவெளியைத் தாண்டப் பத்தாயிரத்தை ஒட்டி எதுவோ போதுமென்றால், ஸ்பார்க் அந்த இடத்திலேயே தாவிவிடும், மீதி கையிருப்பு. உத்திரமேரூர் பஜாரில் இரண்டாவது கியரில் போகிற காருக்கு அந்தக் கையிருப்பு எப்போது பயன்படும் என்பது தனி ஆய்வுக்குரியது.

இவ்வளவு அலைச்சலுக்குப் பிறகு கிடைக்கும் முடிவு பலருக்குப் பிடிக்காது. நேரடி ஒயர் உள்ள நாலு சிலிண்டர், 12 வோல்ட், பாயிண்ட் வைத்த காருக்கு, அளவு மட்டும் பொருந்தினால், அம்பாசடர் காயிலே போதும். 1961-ல் தொடங்கிய லூகாஸ் டி.வி.எஸ். பாடியில் வண்டிகளுக்கான மின்சாமான்களைச் செய்துவருகிறது. அம்பாசடர் சாமான் வைத்திருக்கும் பழைய கடை காஞ்சிபுரத்திலேயே அகப்படலாம். குலப்பெருமை பேசுவோருக்கு ஒரு செய்தி: 1955-ல் வந்த எம்ஜிஏ என்ற ஸ்போர்ட்ஸ் காரின் 1489 சிசி எஞ்சினும், நம்மூர்க் கல்யாணங்களுக்கு மாப்பிள்ளை சுமந்த அம்பாசடரின் 1489 சிசி எஞ்சினும் ஒரே கோத்திரம். ஸ்பிட்ஃபயர்க்காரர் இதை ஏற்பார். ஆனால் காயிலின் ஸ்டிக்கரைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பித்தான் மாட்டுவார்.

மாட்டும்போது திசையும் பார்க்க வேண்டும். 1960-களின் நடுப்பகுதி வரை ஆங்கிலேயக் கார்களில் பெரும்பாலும் பிளஸ்தான் எர்த். பிறகு மைனஸ் எர்த் ஆனது. பாட்டுப்பெட்டிக்காக எர்த்தை மாற்றிய பலர் காயில் ஒயர்களை இடம் மாற்ற மறந்தார்கள். வண்டி அப்போதும் ஓடும். ஸ்பார்க் மட்டும் பிளக்கின் சூடான நடு முனையிலிருந்து கிளம்பாமல் எதிர்முனையிலிருந்து கிளம்ப நேர்வதால் கூடுதல் வோல்ட் கேட்கும். சோதனைக்குக் கூராகச் சீவிய பென்சில் போதும். இருட்டும் நேரத்தில், பிளக்குக்கும் அதன் ஒயருக்கும் நடுவே பென்சில் முனை நிற்கும்படி, நன்றாக இன்சுலேஷன் போட்ட குறடால் பிடித்து எஞ்சினை ஓட்ட வேண்டும். ஆரஞ்சு நிறச் சிதறல் பிளக் பக்கம் தெரிந்தால் சரி. ஒயர் பக்கம் தெரிந்தால் இரண்டு சிறிய ஒயர்களையும் இடம் மாற்ற வேண்டும். குறடில்லாமல் வெறுங்கையால் பிடிப்பவர் கேலனின் மாணவர் பட்டியலில் சேர்வார்.

கடைசியாக, நடுக்குழிக்குப் போகும் தடித்த ஒயர். பழைய லூகாஸ் காயில்களில் அதைத் திருகி மாட்ட வேண்டும், பிந்தியவற்றில் அழுத்திச் செருக வேண்டும். ஓம்ஸ், திசை, கிளாம்ப் எல்லாம் பொருந்திய பிறகு இந்த ஒன்றுக்காக இன்னொரு முறை பஸ் ஏறியவர்கள் உண்டு. கடைக்குப் போகும்போதே பழைய ஒயரைப் பையில் போட்டுக்கொள்வது நல்லது.

கழற்றிய காயிலைக் காயலான் கடைக்குப் போடாமல் டிக்கியில் துணி சுற்றி வைப்பவர்கள், அதன்மேல் மார்க்கரால் ‘அவுட்’ என்று பெரிதாக எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் காரை அடுத்து வாங்குபவர் அதைத்தான் கம்பெனி கொடுத்த அசல் என்று நம்பி, கடைக்குக் கொண்டுபோய்க் காட்டி, அதே மாதிரி ஒன்று கேட்பார்.