சுவிட்சுப் பலகையின் ஏழு திணைகள்

அகம் என்றால் மனம். அகம் என்றால் வீடும்தான். ஆகவே அகத்திணை என்பது வீட்டுச் சுவிட்சுகளைப் பற்றியதே என்பது இக்கட்டுரையாளர் துணிபு. இதை மறுப்பவர்கள் எந்தக் கருத்தரங்கிலும் எதையாவது மறுத்துவிட்டே சாப்பிடப் போகிறவர்கள், பொருட்படுத்த வேண்டியதில்லை.

மேலைநாட்டார் இத்துறைக்குப் பிந்தி வந்தவர்கள். ஓர் இலக்கைத் தொட ஆகும் நேரம் அதன் தூரத்தையும் அகலத்தையும் பொறுத்தது என்று பால் ஃபிட்ஸ் 1954இல் சூத்திரம் கண்டார். சுவிட்சை மறைத்து நிற்கும் பீரோவை அதில் சேர்க்கவில்லை. எந்தச் சுவிட்ச் எந்த விளக்குக்கு என்பது பார்த்ததும் புலப்பட வேண்டும் என்று டொனால்ட் நார்மன் 1988இல் வந்த தம் நூலில் வாதிட்டார். கூடத்தின் வரைபடத்தின் மேலேயே சுவிட்சுகளைப் பதிக்கலாம் என்றும் காட்டினார். எங்கள் கூடத்திலோ எட்டு சுவிட்ச், ஒரே நிறம், ஒரே வரிசை. ஃபேன் போட வந்தவர் ஆர்மோனியப் பெட்டியைத் தடவுவதுபோல் இடமிருந்து வலமாகத் தட்டிக்கொண்டே போவார். நடுவில் டிவி அணையும்.

இனி வகைப்பாடு. குறிஞ்சி: பிளக்கும் சாக்கெட்டும். குடும்பப் பத்திரிகை என்பதால் விரிக்கவில்லை. முல்லை, அதாவது காத்திருத்தல்: ஸ்டார்ட்டர் வைத்த பழைய ட்யூப் லைட். நெய்தல், இரங்கல்: மோட்டார் சுவிட்சை மறந்து, மாடியில் தொட்டி வழியும் சத்தம். பாலை: மின்வெட்டு. மருதத்தின் ஊடலுக்கு ஃபேன் ரெகுலேட்டர். அத்தை ஐந்தில் வைப்பார். மாமா எழுந்து வந்து இரண்டுக்குத் திருப்புவார். இருவரும் பேசிக்கொள்ள மாட்டார்கள். பொருந்தாக் காமமாகிய பெருந்திணை, மாடிப்படி விளக்குக்குப் பக்கத்திலேயே பொருத்திய காலிங் பெல். இரவு பதினொன்றுக்கு வெளிச்சம் தேடிய விரல், எதிர்வீட்டுக்காரரை லுங்கியோடு வெளியே வரவழைக்கும்.

எஞ்சியது கைக்கிளை, ஒருதலைக் காதல். அதுவே ஆய்வின் உயிர்.

எங்கள் பலகையில் இடமிருந்து ஆறாவது சுவிட்ச். போட்டால் ஒன்றும் நடக்காது, அணைத்தாலும் நடக்காது. இடைச்செருகல் என்பது ஒரு சாரார் கருத்து. முன்பு இங்கே ஒரு ஜீரோ வாட் பல்பு இருந்தது என்கிறார்கள் இன்னொரு சாரார் (அத்தை, கூடம்). பல்பு அல்ல, சீரியல் செட் போடும் பாயின்ட் (அத்தை, சமையலறை, குக்கரின் இரண்டாம் விசிலுக்கும் மூன்றாம் விசிலுக்கும் இடையே). இரண்டுமில்லை, எலக்ட்ரீஷியன் கையில் ஒரு சுவிட்ச் மீந்துபோனது (அத்தை, மொட்டை மாடி, வடகம் பிழிகையில், கைப்பிடிச்சுவருக்கு அப்பாலிருந்து அடுத்த வீட்டுப் பாட்டி வழிமொழிந்தது, பாடபேதம்: "மீந்துபோகல, காசு சேத்து வாங்கிட்டான்"). மூன்று கூற்றும் ஒருவருடையவையே என்பதால், அத்தை என்ற பெயரில் மூவர் வாழ்ந்திருக்க வேண்டும் என்று கொள்வதே ஆய்வு மரபு.

எலக்ட்ரீஷியன் ஒருவரை அழைத்துக் காட்டினோம். டெஸ்டரை வைத்தார், அதன் விளக்கு மினுங்கியது. "சப்ளை இருக்கு சார்," என்றார். எங்கே போகிறது? "அது தெரியல சார்." இத்துறையில் இவ்வளவு நேர்மையான ஆய்வு முடிவை நான் வேறெங்கும் படித்ததில்லை.

போன மாதம் மின்வெட்டின்போது பொடியன் அதைத் தட்டினான். அதே நொடியில் தெரு முழுக்கக் கரண்ட் வந்தது. அன்றிலிருந்து விளக்கு அணைந்தால் அத்தை முதலில் அனுப்புவது ஆறாவது சுவிட்சுக்குத்தான். இதுவரை மூன்று முறை வந்திருக்கிறது. வராத முறைகளை ஆய்வில் சேர்க்கவில்லை.