காம் ஒன் அண்ணன்

பள்ளிபாளையத்தில் ஏதாவது ஒரு நூல் கடையில் பழைய கம்ப்யூட்டர் முரண்டு பிடித்தால், முதலாளி முதலில் சிபியு தலையில் இரண்டு தட்டு தட்டுவார். அடுத்து கணக்குப்பிள்ளையைத் திட்டுவார். இரண்டுக்கும் பலனில்லை என்று தெரிந்த பிறகுதான் காம் ஒன் அண்ணனுக்குப் போன் போகும். வண்டிக்கு ஸ்டாண்டு போட்டு, வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அவர் கேட்பது ஒன்றுதான்: "மவுஸ் காம் ஒன்னுலீங்களா, காம் டூலீங்களா?" மவுஸைச் சொருகிய சீரியல் போர்ட் ஒன்றா, இரண்டா என்ற இந்தக் கேள்விக்குச் சரியாகப் பதில் சொன்ன ஆள் ஊரில் கிடையாது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

இப்படி ஒரு ஆள் பள்ளிபாளையத்துக்கு மட்டுமே வாய்த்ததாக நினைத்துவிடக் கூடாது. குமாரபாளையத்தில் ஒருவர், திருச்செங்கோட்டில் ஒருவர், சங்ககிரியில் ஒருவர் என்று இந்த இனம் பரவிக் கிடக்கிறது. ஐம்பதைத் தாண்டிய வயது. சட்டைப் பையில் டெஸ்டரும் ஸ்டார் ஸ்க்ரூடிரைவரும். 1990-களில் ஈரோட்டில் ஹார்டுவேர் கோர்ஸ் முடித்த பெருமை. கையில் மூன்றடுக்கு டிபன் கேரியர். மேல் தட்டில் தயிர்சாதம். நடுத்தட்டில் ஸ்க்ரூ, ஜம்பர், ஸ்பிரிட் பாட்டில், காது குடையும் பஞ்சுக் குச்சி. அடித்தட்டில்தான் சொத்து: 9 பின்னிலிருந்து 25 பின், 25-லிருந்து 9, வட்டத்திலிருந்து சதுரம், ஆணிலிருந்து பெண் என்று உலகத்தில் உள்ள அத்தனை அடாப்டர்களும். பசி வேளையில் தட்டு மாற்றித் திறந்துவிட்டு, அடாப்டர்களையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பார்.

காவிரிப் பாலத்தைத் தாண்டினால் ஈரோடு. புதுக் கம்ப்யூட்டருக்கு அங்கே பஞ்சமில்லை. பிறகு ஏன் 25 வயது மெஷினைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்? நூல் கடையிலும் சைசிங் மில்லிலும் லுங்கிக் கம்பெனியிலும் அந்தக் காலத்தில் பில் போட்டது பாக்ஸ்புரோவில் எழுதிய புரோகிராமில். எழுதிக் கொடுத்த பையன் எப்போதோ அமெரிக்கா போய்விட்டான். 2017 ஜூலை 1-இல் ஜிஎஸ்டி வந்தபோது புது பில் புது மெஷினுக்கு மாறியது. அதற்கு முந்தைய வாட் காலத்துப் பாக்கியும், 2007-க்கு முந்தைய விற்பனை வரிக் காலத்துப் பாக்கியும் பழைய பெட்டியிலேயே தங்கிவிட்டன. பாக்கி வைத்தவர் என்றைக்காவது திரும்பி வருவார் என்ற நம்பிக்கை முதலாளிக்கு உண்டு. டிசைன் போடும் இடங்களில் காரணம் வேறு. சாஃப்ட்வேரோடு கொடுத்த டாங்கிள் என்கிற பூட்டை பிரிண்டர் போர்ட்டில்தான் சொருக முடியும். இன்றைய மதர்போர்டுகளில் அந்தப் போர்ட்டே அநேகமாக இல்லை. பூட்டுக்காக வீட்டையே வைத்திருக்க வேண்டியதாகிறது.

இப்படிப்பட்ட மெஷினில் கீபோர்டு சாகாது. டிவிஎஸ் கோல்டு கீபோர்டாக இருந்தால் முதலாளிக்குப் பிறகும் இருக்கும். முதலில் போவது மவுஸ்தான்.

"ஏனுங்ணா, ஈரோட்டுல புது மவுஸும் அடாப்டரும் வாங்கியாந்துட்டேன். பச்சைத் துளையில கச்சிதமா உக்காருது. ஆனா அம்பு அசைய மாட்டேங்குது" என்பான் முதலாளி மகன்.

"உக்காந்தாப் போதுங்களா தம்பி? உள்ளார பேச்சு ஒத்துப்போகோணுமல்லோ!"

இதைச் சொல்லும்போது அண்ணன் முகத்தில் வரும் மலர்ச்சியைப் பார்த்தால், மெஷின் ஓடாததில் அவருக்குக் கொஞ்சம் சந்தோஷமோ என்று தோன்றும். ஆனால் சொல்வது நிஜம். யூஎஸ்பியைப் பச்சைத் துளைக்கு மாற்றும் அந்தச் சின்ன அடாப்டருக்குள் வெறும் கம்பிதான் இருக்கிறது, மொழிபெயர்க்க எதுவுமில்லை. 2000-ஐ ஒட்டி வந்த பல மவுஸ்களின் சிப்புக்கு யூஎஸ்பியும் தெரியும், 1987-இல் ஐபிஎம் கொண்டுவந்த, பச்சைத் துளையின் மொழியான பிஎஸ்/2-வும் தெரியும். அதனால்தான் டப்பாவிலேயே அடாப்டரையும் போட்டுக் கொடுத்தார்கள். இன்றைய மலிவு மவுஸ்கள் பலவற்றுக்கு யூஎஸ்பி ஒன்றுதான் தெரியும். ஜாதகம் கணிக்க டாஸ் புரோகிராம் வைத்திருக்கும் ஜோசியர் இதே தவறைச் செய்தபோது அண்ணன் விடவில்லை. "ஊருக்கெல்லாம் பத்துப் பொருத்தம் பாக்கறீங்க, இதுக்கு ஒண்ணையும் பாக்காமக் கட்டி வெச்சுட்டீங்களே சாமி!" ஜோசியர் அன்று காசு கொடுக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

9 பின் சீரியல் மவுஸ்தான் அண்ணனின் இஷ்ட தெய்வம். அதற்கென்று தனியாகக் கரண்ட் கிடையாது; சைகைக்கு என்று வைத்த கம்பிகளிலிருந்தே தனக்கு வேண்டியதை உறிஞ்சிக்கொள்ளும். உயிர் வந்ததும் 'எம்' என்று ஒரே ஓர் எழுத்தை அனுப்பி, வந்துவிட்டேன் என்று சொல்லும். பிறகு நொடிக்கு 1200 பிட் வேகத்தில், ஒவ்வோர் அசைவையும் மூன்று பைட்டாகக் கட்டி அனுப்பும். அதாவது நொடிக்குச் சுமார் 40 சேதி. "நம்ம வீட்டுல அத்தனை சேதி வந்தாத் தாங்குங்களா?" என்பார் அண்ணன். வீட்டைப் பற்றி அவர் பேசுவது இந்த ஓர் இடத்தில்தான்.

டாஸில் மவுஸைச் சொருகினால் மட்டும் போதாது; டிரைவரை ஏற்ற வேண்டும், அதற்கு ஆட்டோஎக்ஸெக்.பேட் கோப்பில் ஒரு வரி சேர்க்க வேண்டும். அண்ணனின் பிளாப்பியில் கியூட்மவுஸ் என்ற இலவச டிரைவர் இருக்கிறது. நினைவகத்தில் 3 கேபி அளவுக்குத்தான் இடம் பிடிக்கும். 640 கேபிக்குள் குடித்தனம் நடத்திய காலத்து ஆள் அவர்; அரை கேபி மிச்சமானாலும் நூல் கடைக்காரரிடம் சொல்லிச் சந்தோஷப்படுவார். நூல் கடைக்காரர் அதை ரூபாயில் எவ்வளவு என்று கேட்பார்.

ஒரு முறை அம்பு திரையில் பேய் பிடித்ததுபோல் துள்ளிக்கொண்டிருந்தது. பையன்கள் கேபிளை மாற்றினார்கள், வைரஸ் என்றார்கள், ஒருவர் எலுமிச்சம்பழம் வரைக்கும் போய்விட்டார். அண்ணன் வந்தார், உட்கார்ந்தார், டீ குடித்தார். மவுஸைத் திருப்பி, வயிற்றில் இருந்த எள்ளளவு சுவிட்சை நகத்தால் தள்ளினார். அவ்வளவுதான். மூன்று பட்டன் சீரியல் மவுஸ் பலவற்றில் அந்தச் சுவிட்ச் உண்டு: ஒரு பக்கம் தள்ளினால் மைக்ரோசாஃப்ட் முறை, மறுபக்கம் மவுஸ் சிஸ்டம்ஸ் முறை. துடைக்கும்போது யாரோ தட்டிவிட்டிருந்தார்கள். ஒரு நொடி வேலைக்கு எப்படிக் காசு கேட்பது என்று அண்ணனும் யோசிப்பார்தான். அதனால் மெஷினை முழுசாகக் கழற்றி, தூசி ஊதி, மறுபடி மாட்டி, ஒரு மணி நேரம் கழித்து எழுந்திருப்பார்.

அவருடைய நிஜமான மேதைமை உருண்டை மவுஸில்தான் தெரியும். அடி மூடியைத் திருகி, ரப்பர் பூசிய இரும்புக் குண்டை உள்ளங்கையில் வாங்கிக்கொள்வார். உள்ளே மூன்று உருளைகள். இரண்டு, குறுக்கும் நெடுக்குமான அசைவைப் பல் சக்கரத்துக்குக் கடத்துபவை. அந்தச் சக்கரம் வெளிச்சத்தை மறைத்து மறைத்து விடுவதைத்தான் மவுஸ் எண்ணுகிறது. மூன்றாவது, குண்டை ஸ்பிரிங்கால் அணைத்துப் பிடிக்கும் உருளை. மற்ற ஊர்களில் இவற்றில் அழுக்கு சேரும். பள்ளிபாளையத்தில் பஞ்சு சேரும். தறிக் கூடத்துக் காற்றில் பறக்கும் சாயநூல் துகள், கைப்பிசுக்கோடு கலந்து, உருளையைச் சுற்றி இறுகிய வளையமாக உட்கார்ந்திருக்கும். அண்ணன் குண்டூசியால் அதை வளையம் கலையாமல் உரித்தெடுத்து வெளிச்சத்தில் பிடிப்பார். "ஆடி மாசம் பச்சை ஓட்டியிருக்கறீங்க. நடுவுல கொஞ்ச நாள் தறி நின்னுருக்குது. இப்ப மெரூன் லுங்கிங்களா?" முதலாளி திகைத்துப் போவார். மெரூன் ஓட்டுவது பக்கத்துக் கம்பெனிக்குத் தெரியக் கூடாது என்று அவர் காத்துவந்த ரகசியம்.

கரடியே காறித் துப்பும் அளவுக்கு அண்ணனிடம் ஒரு குறை உண்டு: பிரசங்கம். வாசலில் லாரி பில்லுக்காக நிற்கும்போதுதான் அவருக்கு டக்ளஸ் எங்கல்பர்ட் ஞாபகம் வருவார். "மொத மவுஸு மரத்துலீங்க செஞ்சாங்க, 1964-ல. 1968 டிசம்பர் 9-ஆந் தேதி சான்பிரான்சிஸ்கோவுல ஆயிரம் பேருக்கு முன்னால ஓட்டிக் காட்டுனாரு." டிரைவர் ஹாரன் அடிப்பார். அண்ணன் அடுத்த கட்டத்துக்குப் போவார். "அட, கம்ப்யூட்டரே நம்ம தறியிலிருந்து வந்ததுங்க!" 1804-இல் பிரான்சில் ஜக்கார்டு தறிக்கு ஓட்டை போட்ட அட்டை, அதே மாதிரி அட்டையில் 1890 அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கை ஹாலரித் எடுத்தது, அவர் கம்பெனி 1911-இல் வேறு சில கம்பெனிகளோடு சேர்ந்து, 1924-இல் ஐபிஎம் என்று பெயர் மாறியது, அந்த ஐபிஎம் செய்த துளைதான் இந்தப் பச்சைத் துளை. ஹாலரித்துக்கு யோசனை வந்தது ரயில் கண்டக்டர் டிக்கெட்டில் ஓட்டை போடுவதைப் பார்த்துத்தான் என்று விவரம் தெரிந்த யாராவது குறுக்கிட்டால் அண்ணனுக்கு அந்த நேரம் காது கேட்காது. தறிக்காரர்கள் மட்டும் தலையாட்டுவார்கள். தங்கள் தறிக்கு இத்தனை பெரிய பேரப்பிள்ளை இருப்பது அவர்களுக்கும் பிடித்திருக்கிறது.

இன்டர்நெட் போட்டால் மவுஸ் உறைந்துபோன காலத்தையும் அவர் மறக்கவில்லை. மவுஸ் காம் ஒன்றில், மோடம் காம் மூன்றில். இரண்டுக்கும் குறுக்கீட்டு எண் 4. ஒரே வாசலில் இரண்டு பேர் மணியடித்தால் யாருக்கென்று மெஷின் எழுந்திருக்கும்? காம் ஒன்னா, காம் டூவா என்ற அவருடைய கேள்வி அங்கே பிறந்ததுதான்.

பிஎஸ்/2 மவுஸை மெஷின் ஓடும்போதே பிடுங்கிச் சொருகுகிறவர்களை அவர் மன்னிப்பதில்லை. சில போர்டுகளில் அந்த ஒரு பிடுங்கலில் ஃப்யூஸ் போய்விடும். கீபோர்டின் ஊதாத் துளையும் மவுஸின் பச்சைத் துளையும் மாறிப் போனால்கூடப் பரவாயில்லை, அணைத்துவிட்டு மாற்றிக்கொள்ளலாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அவர் வீட்டுப் பரணில் நல்ல நிலையில் சீரியல் மவுஸ்கள் இருப்பது ஊருக்கே தெரியும். விலைக்குக் கேட்டால் இல்லை என்பார். இரவல் தருவார், நோட்டில் எழுதிவைத்து. அந்தச் சாக்கில் வாராவாரம் வந்து அதன் நலம் விசாரிப்பார். கூலி பேசுவதும் கிடையாது; "பாத்துக் குடுங்க" என்பதோடு சரி. பார்த்துக் கொடுத்ததை எண்ணாமல் பையில் வைப்பதும், தெருமுனை திரும்பியதும் எண்ணுவதும் வழக்கம்.

அண்மையில் குமாரபாளையத்தில் இன்ஜினியரிங் படிக்கும் ஒரு பையன் அவரைத் தேடி வந்தான். கையில் தீப்பெட்டி அளவு டப்பா. உள்ளே ராஸ்பெர்ரி பை பிகோ. 2021-இல் 4 டாலர் விலையில் வந்த குட்டி போர்டு. ஒரு பக்கம் எந்த யூஎஸ்பி மவுஸையும் சொருகலாம். மறுபக்கம் அது 'எம்' என்று தொடங்கி அச்சு அசல் சீரியல் மவுஸ் மாதிரியே பேசும். நூல் கடையின் 486 மெஷினில் மாட்டினான். வயர்லெஸ் மவுஸை அசைத்தான். பாக்ஸ்புரோ திரையில் அம்புக்குப் பதிலாக இருக்கும் அந்தச் சின்னக் கட்டம் வழுக்கிக்கொண்டு ஓடியது. முதலாளி கைதட்டினார். கணக்குப்பிள்ளை மேசையைச் சுற்றிவந்து பார்த்தார்.

அண்ணன் மட்டும் பேசவில்லை. மவுஸை வாங்கித் திருப்பினார். குண்டு இல்லை, உருளை இல்லை, கழற்ற மூடிகூட இல்லை. வயிற்றில் வெளிச்சம் வரும் ஓர் ஓட்டை மட்டும். அதைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

"ஏப்பா, இந்த ஓட்டையில பஞ்சு அடைச்சா?"

"அம்பு ஆடுங்ணா. சுத்தம் பண்ணோணும்."

"செரி, அப்ப எனக்கு நாலு டப்பா போட்டுக் குடு."